நீலப் பெட்டிக்கு ஐந்து மதிப்பெண்

இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட்டிருக்கிறேன். மற்ற மூன்று பக்கமும் ஒவ்வோர் அங்குலம். நீங்கள் கொடுத்த தாள் மெல்லியது, மை பின்பக்கம் ஊறுகிறது. அதனால் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுகிறேன். தாள் கூடுதலாகச் செலவாவதற்கு மன்னிக்க வேண்டும்.

இதை ஏட்டு வடிவேல்தான் எழுதுவதாக இருந்தது. சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நான் சொல்லச் சொல்ல ஒரு பக்கம் எழுதவும் செய்தார். படித்துக் காட்டியபோது, "மேற்படி முதியவரிடம் வஞ்சகமாக நயந்து பேசி" என்று ஒரு வரி வந்தது. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றேன். "அது எல்லாத்துலயும் போடறதும்மா, நீ ஏன் கவலப்படற" என்றார். எல்லாவற்றிலும் போடுவதை இதிலும் போட்டால் இது எப்படி என்னுடைய வாக்குமூலம் ஆகும்? நானே எழுதித் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் சிரித்துக்கொண்டே தாள் கொடுத்தீர்கள். "பரீட்ச எழுதற மாதிரி நெனச்சிக்கினு எழுதும்மா, மார்க்கு கோர்ட்டுல போடுவாங்க" என்றீர்கள். இந்த நிலையத்தில் நகைச்சுவைக்குக் குறைவில்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ஒரு வரியில் பதில் உண்டு: ப்ராஜெக்டுக்காக. நேற்று இந்த வரியைச் சொன்னதும் ஏட்டு தலையில் அடித்துக்கொண்டார். ஆகவே விரிவாக எழுதுகிறேன்.

என் பெயர் அமிர்தவல்லி. வயது இருபத்தாறு. வீடு கருவடிக்குப்பத்தில். அப்பா ஆதிமூலம் பஞ்சாலையில் தறிப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்து, ஒரு காதைத் தறிச் சத்தத்துக்குக் கொடுத்தவர். விலங்கியல் பட்டம் வாங்கிய பிறகு, முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சவரிராயன் ஐயாவின் மருந்துக் கடையில் சேர்ந்தேன். ஐந்து வருடமாக அங்கேதான் இருக்கிறேன். நீங்களும் அங்கே வந்திருக்கிறீர்கள், போன மார்கழியில், இருமல் மருந்துக்கு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அது நல்ல மருந்துதான், பயப்பட வேண்டாம்.

1980இல் தபால் வழியில் வணிக நிர்வாக முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். மூன்று வருடப் படிப்பு. கடைசி வருடத்தில் மருந்து, மருத்துவமனை நிர்வாகம் என்று ஒரு சிறப்புப் பிரிவு உண்டு. மாதம் ஒருமுறை பழுப்பு உறையில் பாடம் வரும். கவுன்டரில் ஆள் இல்லாத நேரத்தில் படிப்பேன். கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் என் படிப்பைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. தலைவலி மாத்திரைக்கு வரும் கமலவேணி அக்கா ஒருநாள் கேட்டாள்:

"என்னாடி அமிர்தம், படிச்சி முடிச்சா எங்களுக்கெல்லாம் ஊசி போடுவியா?"

"இல்லக்கா. இது ஊசி போடறவங்கள மேய்க்கற படிப்பு."

"அட. மேய்க்கறதுக்கும் காலேஜ் வந்துடுச்சா! எங்க வீட்டுக்காரரு சும்மாவே முப்பது மாடு மேய்க்கறாரு, ஒரு பட்டமும் குடுக்கல."

அவளைக் குறை சொல்ல முடியாது. அது என்ன படிப்பு என்று எனக்கே நான்காம் பாடத்தில்தான் புரிந்தது. நோயாளி என்று நினைத்தால் பரிதாபம் வரும், பரிதாபம் வந்தால் கணிப்பு தவறும், ஆகவே வாடிக்கையாளர் என்று நினைத்துப் பழகுங்கள் என்று அதில் போட்டிருந்தது. அந்த வரியின் கீழே கோடு போட்டேன். கடையில் சேர்ந்த நாள் முதல் எல்லோருடைய இருமலையும் மூலத்தையும் கேட்டுக் கேட்டு நான் சோர்ந்துபோயிருந்தேன். இப்படி ஒரு வாசல் இருப்பதாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சென்னையில் ஒரு மருந்து நிறுவனம் என்னை நேர்முகத்துக்கு அழைத்தது. பட்டத்தோடு வந்தால் ஜூன் மாதம் உதவி மேலாளர் வேலை என்றார்கள். அப்பா அன்று மாலையே ஆலை வாசலில் நின்று, கேட்கும் காது உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அதை அறிவித்துவிட்டார். பட்டத்துக்கு இன்னும் பாக்கி இருந்தது ப்ராஜெக்ட் மட்டும்தான். அதில் தேறாவிட்டால் மூன்று வருடமும் வீண்.

இப்போது நீல டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. நம் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் குடும்பங்களில் சில, பிரான்சில் செய்த மருந்தைத் தவிர வேறு எதையும் வாயில் போடாது. சவரிராயன் ஐயாவுக்குப் பாரீசில் மகள் இருக்கிறாள். அவள் மூலமாகவும், விமானத்தில் வருகிறவர்கள் மூலமாகவும், ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்குமான ஒரு மாத்திரை வந்துகொண்டிருந்தது. நீல அட்டைப் பெட்டி, உள்ளே பழுப்புக் கண்ணாடிக் குப்பி, குப்பியில் அறுபது மாத்திரை, அதன் மேல் உருட்டி வைத்த பஞ்சு. அதே மருந்து நம் நாட்டிலும் செய்கிறார்கள். எங்கள் கடையில் மூன்றாம் தட்டில் எப்போதும் இருக்கும். அதை நீல டப்பாக்காரர்கள் பதினொரு பேரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பழைய பெட்டியையும் குப்பியையும் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதியது என்பது ஐயாவின் வழக்கம். பாரீசுக்கு எழுதும்போது மருந்தின் பெயரோ அளவோ மாறிவிடக் கூடாது என்பதற்காக. அதனால் கடைக்குப் பின்னறையில் காலிப் பெட்டியும் குப்பியும் நிறைய இருந்தன.

பதினொரு பேரில் எனக்கு மிகவும் பிடித்தவர், ஊரே முசே என்று மரியாதையாகக் கூப்பிடும் தனிஸ்லாஸ். எழுபத்தொரு வயது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஜூலை பதினான்காம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளில், பதக்கமெல்லாம் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார். பட்டாளத்தில் அவர் இருந்தது சமையல் பிரிவு. அதைத் தெருவில் யாருக்கும் சொன்னதில்லை, எனக்கு மட்டும் சொன்னார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பத்து மணிக்கு, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையில் கடைக்கு வந்து, முக்காலியில் உட்கார்ந்து, "பொஞ்சூர் மத்மாசேல்" என்பார். என்னை அப்படிப் பிரெஞ்சு மரியாதையில் குமாரி என்று அழைத்தவர் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு நான் மருந்துக்கடைப் பொண்ணு.

1982 ஆகஸ்டில் சவரிராயன் ஐயா மகளைப் பார்க்க ஐந்து மாதத்துக்குப் பாரீஸ் போனார். கடையை என்னிடம் விட்டார். லைசன்ஸ் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கியது. கிளம்பும்போது, "நீல டப்பா ஆளுங்கள மட்டும் கைவிட்டுடாதம்மா, அவங்கதான் நம்ம மரியாத" என்றார். இரண்டு வாரத்தில் நீல டப்பா தீர்ந்துபோனது. வர வேண்டிய ஆள் விமானம் ஏறவில்லை.

முசே தனிஸ்லாசிடம் மூன்றாம் தட்டிலிருந்து எடுத்துக் காட்டினேன்.

"இதுவும் அதே மருந்துதான் முசே. பேருதான் வேற."

அவர் அதைத் தொடாமல், கைத்தடியின் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"இத எங்கூட்டு நாயிக்கிக்கூட குடுக்க மாட்டேன்."

"உங்க வீட்ல நாய் இல்லையே முசே."

"இருந்தா குடுக்க மாட்டேன்னு சொல்றேன். மத்மாசேல், பாக்கறப்பவே எனக்கு நெஞ்ச பிடிக்குது. பாரு, பிடிக்குது."

உண்மையிலேயே பிடித்தது. முகம் வியர்த்துவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தேன். அன்று மாலை ஊர் மாத்திரை அறுபதை எண்ணிப் பழுப்புக் குப்பியில் போட்டு, பஞ்சை நம் ஊர் வழக்கப்படி திணிக்காமல் பிரெஞ்சு வழக்கப்படி உருட்டி வைத்து, நீலப் பெட்டியில் மூடினேன். அடுத்த வாரம் முசே வந்து, "ஆ! இது மருந்து. முழுங்கின ஒடனே ஒடம்பு சொல்லுது பாரு, வந்துட்டான்டா நம்ம ஆளுன்னு" என்றார். மற்ற பத்துப் பேரும் அப்படியே. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இந்த இடம் வரைக்கும் ஏட்டுகூட, "இதுல தப்பொண்ணும் இல்லியேம்மா, நல்லதுதான செஞ்சிருக்க" என்றார் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

ப்ராஜெக்டுக்கு விஷயம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது. வாடிக்கையாளரின் திருப்தி மருந்தில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. இதுதான் என் கருத்து. ஒரு படிவம் தயாரித்தேன். ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். ஐந்து என்றால் முழுத் திருப்தி. பெயர் கிடையாது, எண் மட்டும். முசே தனிஸ்லாஸ் எட்டாம் எண். பெயர் வராது என்றதும் அவருக்கு முகம் வாடியது. "சரி போ, பட்டாளத்துலயும் நம்பர்தான்" என்று தேற்றிக்கொண்டார். மதிப்பெண் போடும் நாளில் மீசையை ஒதுக்கிக்கொண்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, ஐந்து என்று பெரிதாக எழுதுவார். ஒரு முறை, "ஆறு போடலாமா?" என்று கேட்டார்.

செப்டம்பரில் சென்னையில் நேர்முக வகுப்பு. என் வழிகாட்டி பேராசிரியர் அரிகிருஷ்ணன் என் அட்டவணையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இதுல என்னம்மா நிரூபிச்சிருக்கே? அதுவும் நல்ல மருந்து, இதுவும் நல்ல மருந்து. அவங்களுக்குத் திருப்தி வந்தது மருந்தாலயா, பெட்டியாலயா?"

"பெட்டியாலதான் சார்."

"அத நீ சொல்றே. உன் டேபிள் சொல்லலியே. பெட்டி மட்டும் இருக்கணும், உள்ள மருந்தே இருக்கக் கூடாது, அப்பவும் அஞ்சு மார்க் போட்டாங்கன்னு காட்டு. எழுந்து நின்னு சல்யூட் அடிக்கிறேன்."

வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு குறித்துக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் திண்டிவனம் வரை யோசித்தேன். யோசிக்காமல் செய்ததாக யாரும் எழுதிவிடக் கூடாது.

சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒன்று கடையில் இருந்தது. பிள்ளை பெற்றவர்களுக்குக் கொடுப்பது. யாருக்கும் கெடுதல் செய்யாது. அளவும் நிறமும் ஏறக்குறைய ஒன்று. நீல டப்பா மாத்திரையின் நடுவில் ஒரு கோடு இருக்கும், இதில் இல்லை. ஷேவிங் பிளேடால் ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரு கோடு கீறினேன். ஒரு குப்பிக்கு அறுபது கோடு. முதல் குப்பிக்கு மதியம் முழுக்க ஆனது, பிறகு கை பழகிவிட்டது.

பதினொரு பேருக்கும் கொடுக்கவில்லை. இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆறு பேருக்கு ஊர் மாத்திரைதான் போனது, நல்ல மருந்து. ஐந்து பேருக்கு மட்டும் சுண்ணாம்பு. யார் யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்தேன். பிடித்தவர், பிடிக்காதவர் என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எட்டாம் எண் அந்த ஐந்தில் வந்திருக்காது. சீட்டை விரித்ததும் ஒரு நிமிடம் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். மறுபடி குலுக்கலாம் என்று தோன்றியது. அப்படிச் செய்தால் அது ஆராய்ச்சி ஆகாது என்று சீட்டை நோட்டில் ஒட்டிவிட்டேன்.

அக்டோபர் முதல் வாரம் தொடங்கி மூன்று மாதம் என்று திட்டம். ஐந்து வாரம் வரை ஐந்து பேரும் ஐந்து மதிப்பெண்தான். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இரண்டாம் எண்ணுக்குத் தலை சுற்றல் இருந்தது, ஆனால் மழைக்காலம் என்றால் தனக்கு எப்போதும் அப்படித்தான் என்று அவரே சொன்னார்.

ஆறாம் வாரம் நான்காம் எண்ணுக்கு, அதாவது மதாம் ஞானமேரிக்கு, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பெண்கள் பள்ளியில் பிரெஞ்சு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். வாய் கோணியிருந்தது, பேச்சு குழறியது. அந்த வார மதிப்பெண் பாக்கி இருந்ததால், படிவத்தை எடுத்துக் கேட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நல்ல கையைத் தூக்கி விரல்கள் ஐந்தையும் விரித்து ஆட்டினார். ஐந்து என்று எழுதிக்கொண்டேன். போதும், நீ போ என்று சொல்லியிருப்பாரோ என்று பிறகு ஒருநாள் சைக்கிளில் வரும்போது நினைத்தேன். ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

அப்போதே ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஒரே ஒரு சம்பவத்தை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று பதினோராம் பாடத்தில் இருக்கிறது. அந்த அம்மாளுக்கு அந்த வாரம்தான் மகன் கல்யாணம் செய்துகொண்டதாக பிரான்சின் மார்செய் ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது, அழைப்பிதழ் இல்லாமல். எதனால் விழுந்தது என்று யார் சொல்ல முடியும்? மேலும் ஆஸ்பத்திரியில் அவர்கள் மருந்தைக் கொடுக்க ஆரம்பித்ததால் அவர் தானாகவே ஆய்விலிருந்து விலகிவிட்டார். மீதி நான்கு பேர்.

பதினோராம் வாரம், டிசம்பர் பதினாறாம் தேதி காலையில், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது முசே தனிஸ்லாஸ் இறந்துபோனார். டாக்டர் வயதையும் இதயத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. மாதா கோவிலில் பூசை நடந்தது. சவப்பெட்டியின் மேல் மூவர்ணக் கொடி, பிரெஞ்சுக்காரர்களுடையது, போர்த்தியிருந்தார்கள். பழைய சொல்தாக்கள், அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள், பதக்கத்தோடு நின்றார்கள். ஒருவர் என்னைக் காட்டி, "இந்தப் பொண்ணுதான் அவுருக்குக் கடசிவரிக்கும் மருந்து தவறாம பாத்துக்கினது" என்று இன்னொருவரிடம் சொன்னார். நான் அழுதேன். அதையும் எழுதுகிறேன், ஏனென்றால் நேற்று ஏட்டு, "உனக்கு அழுகையே வராதாம்மா?" என்று கேட்டார். வரும்.

நான்காம் நாள் அவருடைய மனைவி ஆனந்தமேரி அம்மாள் கடைக்கு வந்தார். கையில் நீலப் பெட்டி.

"இருவத்தி ரெண்டு மாத்திர மீந்துபோச்சிம்மா. பிரான்சு மாத்திர, வீணாக்கக் கூடாது. யாராச்சும் இல்லாதவங்க வந்தா குடு, புண்ணியமா போவும்."

வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். குப்பி கொடுத்த தேதியிலிருந்து கணக்குப் போட்டாலும் சரியாக இருபத்திரண்டு. அப்படியென்றால் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பட்டாளத்துக்காரர். இவ்வளவு ஒழுங்கான வாடிக்கையாளர் இனி எந்த ஆய்விலும் எனக்குக் கிடைக்க மாட்டார்.

மீதி மூன்று பேருக்கும் திட்டப்படி டிசம்பர் கடைசியில் நிறுத்தினேன். ஜனவரி முதல் தேதியிலிருந்து நல்ல மாத்திரைதான் போகிறது, நீங்கள் குப்பிகளைச் சோதித்துப் பார்த்தீர்கள். சவரிராயன் ஐயா திரும்பி வந்தார். அறிக்கையின் நன்றியுரையில் அவர் பெயரைக் காட்டினேன். "இங்கிலீசுல எம்பேரு இவ்ளோ நீளமா?" என்று சந்தோஷப்பட்டு, கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினார். மற்ற பக்கங்களை அவர் புரட்டவில்லை. யாருமே புரட்டவில்லை. கெட்டி அட்டையில் தங்க எழுத்துப் பொறித்த அறிக்கையை இந்த ஊரில் ஒரு நூறு பேராவது தொட்டுப் பார்த்திருப்பார்கள்.

ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், வயதானவர், பின்னிணைப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தார். அப்படி ஒருவர் படிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

"ஒன்பதாம் அட்டவணையில அஞ்சு பேர் இருக்காங்க. பத்தாம் அட்டவணையில மூணு பேர். ரெண்டு பேர் எங்கம்மா போனாங்க? வேற கடைக்கா?"

"இல்ல சார். ஒருத்தங்களுக்குப் பக்கவாதம். இன்னொருத்தர் இறந்துட்டார்."

"அடடா. அவங்க சாப்பிட்ட மாத்திரையில என்ன இருந்துச்சு?"

"சுண்ணாம்புச் சத்து சார்."

பேராசிரியர் அரிகிருஷ்ணன் சிரித்தார். "அமிர்தவல்லி, இங்க ஜோக் அடிக்கக் கூடாது."

"நீங்கதான சார் சொன்னீங்க, உள்ள மருந்தே இல்லாம காட்டுன்னு."

அவர் அறிக்கையை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். சல்யூட் அடிக்கவில்லை. எழுந்து மட்டும் நின்றார். வெளியில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து யாரோ தொலைபேசியில் என் ஊர்ப் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வது கேட்டது. முதல் வகுப்பு என்பதால்தான் இவ்வளவு நேரம் விவாதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பா நேற்று வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார். "பரீட்சையில பெயிலாம்மா?" என்று கேட்டார். அவருக்கு யாரோ சரியாகச் சொல்லவில்லை, அல்லது கேட்காத காதில் சொல்லிவிட்டார்கள். முடிவு நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று உரக்கச் சொன்னேன். "அப்ப இன்னும் வரல, அவ்ளோதான" என்று தலையாட்டிக்கொண்டு போனார்.

இனி எழுத வேண்டியது ஒன்றுதான். நேற்று மாலை நீங்கள் எழுந்து போகும்போது, "அந்தக் கெழவருக்கு ஒருவாட்டி கூடவா சந்தேகம் வரல?" என்று கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். அது சரியல்ல. யோசித்துப் பார்த்ததில், முழுமையாக எழுதுவதே முறை என்று தோன்றுகிறது.

பத்தாம் வாரம் வெள்ளிக்கிழமை நல்ல மழை. அவர் வர மாட்டார் என்று நினைத்தேன். வந்தார். மணிக்கூண்டிலிருந்து கடைக்கு நாற்பது தப்படி இருக்கும். அதற்குள் மூன்று இடத்தில் நின்றதைக் கவுன்டரிலிருந்து பார்த்தேன். கால்சட்டை நனைந்து கணுக்காலோடு ஒட்டியிருந்தது. கணுக்கால் வீங்கியிருந்தது. முக்காலியில் உட்கார்ந்து மூச்சு அடங்கும்வரை பேசவில்லை. பொஞ்சூர்கூடச் சொல்லவில்லை.

"மத்மாசேல், ஒண்ணு கேட்டா சிரிக்கக் கூடாது."

"கேளுங்க முசே."

"அன்னிக்கி ஊரு மாத்திர ஒண்ணு எடுத்துக் காட்டினியே. இருக்குதா அது?"

"ஏன் முசே?"

"படி ஏற முடியல. படுத்தா நெஞ்சுமேல யாரோ குந்திக்கினு இருக்கற மாரி இருக்குது. பிரான்சுக்காரன் இப்பல்லாம் முன்ன மாரி செய்யறதில்ல போல. இத எவன்கிட்டயும் சொல்லிடாத, என் மானம் போயிடும். ஒரு மாசத்துக்கு அத சாப்ட்டுதான் பாக்கறேன், குடு."

அது என் முதுகுக்குப் பின்னால் மூன்றாம் தட்டில் இருந்தது. திரும்பாமலே கை எட்டும். எழுபத்தொரு வருடத்தில் முதல் முறையாக அவர் ஊர் மருந்து கேட்டார். கொடுத்தால், என் கருத்தை நிரூபிக்க இருந்த சிறந்த ஆள் முகாம் மாறிவிடுவார், மூன்று வாரம் மட்டும் மிச்சம் இருக்கும்போது.

"என்ன முசே, நீங்களே இப்பிடிச் சொன்னா எப்பிடி?" என்றேன். "சைகோன்ல குண்டுக்கு நடுவுல நின்னவரு. மழக்காலத்துல எல்லாருக்கும் மூச்சு வாங்கும். நீல டப்பா என்னிக்காச்சும் உங்களக் கைவிட்டிருக்குதா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரை மதித்தே பேசினேன். அவருக்குப் பிடிக்கும் சொற்கள் எவை என்று எனக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதான. நான் ஒரு மடையன். மன்னிச்சிக்கோ மத்மாசேல்."

கையோடு கொண்டுவந்திருந்த நீலப் பெட்டியை மறுபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். படிவத்தை நீட்டினேன். பென்சிலைக் கையில் பிடித்துக்கொண்டு வழக்கத்தைவிட நேரம் எடுத்தார். "ஆராய்ச்சிக்குப் பொய் எழுதக் கூடாதில்ல?" என்று கேட்டார். கூடாது என்றேன். இரண்டு என்று எழுதினார், மிகச் சின்னதாக. "கோவிச்சிக்காத, அடுத்த வாரம் சேத்துப் போடறேன்" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அந்த இரண்டை ரப்பரால் அழித்துவிட்டு ஐந்து என்று எழுதினேன்.

இதைத்தான் நேற்று மறைத்தேன். ஆய்வாளர் எந்தக் காரணத்துக்காகவும் வாடிக்கையாளர் சொன்ன பதிலைத் தொடக் கூடாது. முதல் பாடத்திலேயே இருக்கிறது. மற்றபடி நான் செய்த எல்லாமே முறைப்படிதான் நடந்தது, எல்லாவற்றுக்கும் தாள் இருக்கிறது. இந்த ஒரு குற்றத்துக்கு மட்டும் என்னிடம் விளக்கம் இல்லை. இதற்காக நான் வெட்கப்படுகிறேன், என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். பேராசிரியருக்குத் தகவல் அனுப்பி, ஒன்பதாம் அட்டவணையில் எட்டாம் எண்ணுக்கு நேரே, பத்தாம் வாரத்தில், இரண்டு என்று திருத்தச் சொல்லுங்கள். சராசரி கொஞ்சம்தான் குறையும். போட்டுப் பார்த்துவிட்டேன், கருத்து அப்படியே நிற்கிறது.